யார் இந்த பிரிகேடியர் உஸ்மான்? பாகிஸ்தான் அழைத்தும் போகாத ராணுவ அதிகாரி!

1947-ல் நாடு மட்டும் பிரியவில்லை, ராணுவமும் பிரிந்தது. ரெஜிமென்ட், பீரங்கி, லாரி என எல்லாவற்றையும் இரண்டு நாடுகளும் பங்கு போட்டுக்கொண்டன. முஸ்லிம் அதிகாரிகளில் பெரும்பாலானோர் பாகிஸ்தானுக்குக் கிளம்பினார்கள். இங்கேயே இருந்துவிட்ட சிலரில் ஒருவர்தான் முகமது உஸ்மான்.

பின்னணி என்ன?

உத்தரப் பிரதேசத்தின் அசம்கர் பகுதியில் 1912 ஜூலை 15-ல் பிறந்தவர். இங்கிலாந்தின் சாண்ட்ஹர்ஸ்டில் ராணுவப் பயிற்சி. பணியாற்றியது பலூச் ரெஜிமென்ட்டில். பிரிவினையில் அந்த ரெஜிமென்ட்டே பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது. ஜின்னாவும் லியாகத் அலி கானும் உஸ்மானை அழைத்தார்கள், தலைமைத் தளபதி பதவி வரை ஆசை காட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. அவர் அசைந்து கொடுக்கவில்லை. டோக்ரா ரெஜிமென்ட்டுக்கு மாறினார்.

கட்டிலில் படுக்காத தளபதி

சில மாதங்களிலேயே காஷ்மீரில் போர். மீர்பூர், கோட்லி சாலைகள் சந்திக்கும் ஜாங்கர், 1947 டிசம்பர் 25-ல் கைவிட்டுப் போனது. அதை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று சபதம் போட்டார் உஸ்மான். எலும்பை உறைய வைக்கும் குளிரில் தரையில் பாய் விரித்துத்தான் தூக்கம்.

1948 பிப்ரவரியில் நௌஷேரா மீது ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்து தாக்கினார்கள். 50-வது பாராசூட் படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கிய உஸ்மான் ஊரை விட்டுக்கொடுக்கவில்லை. 'நௌஷேராவின் சிங்கம்' என்ற பட்டப்பெயர் அப்போது வந்ததுதான். அவர் தலைக்கு 50,000 ரூபாய் விலை வைத்தது எதிர்த்தரப்பு.

மார்ச் 18-ல் ஜாங்கர் மீண்டும் கைக்கு வந்தது. படுக்க முகாமில் கட்டிலே இல்லை. பக்கத்துக் கிராமத்தில் ஒன்றை இரவல் வாங்கி வந்தார்களாம்!

கடைசி நாள்

ஜூலை 3-ம் தேதி ஜாங்கரில் விழுந்த பீரங்கிக் குண்டு உஸ்மானின் உயிரைப் பறித்தது. 36-வது பிறந்தநாளுக்கு இன்னும் 12 நாள்தான் இருந்தது. அந்தப் போரில் இந்தியா இழந்த மிக மூத்த ராணுவ அதிகாரி அவர்தான். டெல்லியில் நடந்த இறுதிச் சடங்குக்குப் பிரதமர் நேருவே வந்தார். மகாவீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. கல்யாணம் செய்துகொள்ளாத அவருடைய சம்பளத்தில் பெரும்பகுதி ஏழைப் பிள்ளைகளுக்கே போனது.

ஏன் நினைவில் வைக்க வேண்டும்?

டெல்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழகத்தை ஒட்டிய இடுகாட்டில் உஸ்மானின் கல்லறை இருக்கிறது. 2020-ல் அது சேதமடைந்து கிடந்த படம் பரவிய பிறகு, ராணுவமே முன்வந்து சீரமைத்தது. எந்த நாடு தன் நாடு என்று முடிவு செய்ய உஸ்மானுக்கு மதம் தேவைப்படவில்லை. அந்த முடிவுக்கு ஒரே வருடத்தில் உயிரையே கொடுத்தவரின் கல்லறையை நாம் மறந்திருந்தோம் என்பதுதான் உறுத்துகிறது.