ஆயிரம் பேர் அடையாளம் காட்டிய சந்நியாசி

நரிக்குடி, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் மழை பொய்த்த காலங்களில், ஆண்கள் ரங்கூனுக்கும் இலங்கைக்கும் பிழைக்கப் போவது அந்தக் காலத்து வழக்கம். பத்து, பன்னிரண்டு வருஷம் கழித்துத் தாடியும் மீசையுமாக ஒருவன் வாசலில் வந்து நின்றால் என்ன ஆகும்? தாய் பார்த்த மாத்திரத்தில் தன் மகன் என்பாள். பங்காளியோ இவன் வேறு எவனோ என்று அடித்துச் சொல்வான். இருவரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயார். யார் சொல்வதை நம்புவது?

இதே கேள்வி வங்காளத்தில் ஒரு ஜமீனையே ஆட்டி வைத்தது. அந்த ஜமீன்தாரின் கதையைக் கேளுங்கள்.

இரண்டாம் குமாரர்

டாக்கா ஜில்லாவில் பவால் என்று ஒரு பெரிய ஜமீன். ஜெயதேவபூர் அதன் தலைநகர். அந்த வீட்டின் மூன்று ஆண் மக்களில் நடுவில் பிறந்தவர் ரமேந்திர நாராயண ராய். பிறந்த வருஷம் 1884. படிப்பில் நாட்டம் இல்லை. வேட்டை என்றால் உயிர். 1902-ல் விபாவதி தேவியை மணந்தார்.

1909-ல் உடம்பு சுகமில்லாமல் டார்ஜிலிங் மலைக்குப் போனார். மே மாதம் அங்கே இறந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மனைவி விதவைக் கோலம் பூண்டார். அண்ணன் 1910-லும் தம்பி 1913-லும் காலமானார்கள். ஜமீன் சர்க்கார் நிர்வாகத்துக்குப் போயிற்று.

ஆற்றங்கரைச் சாமியார்

1921-ம் வருஷத் தொடக்கம். டாக்காவில் பூரிகங்கை ஆற்றங்கரையில், உடம்பெல்லாம் திருநீறு பூசிய சடாமுடிச் சாமியார் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பார்த்தவர்கள் பவால் குமாரரின் சாயல் என்று பேசிக்கொண்டார்கள். பேச்சு ஊரெங்கும் பரவியது. குமாரரின் சகோதரி ஜோதிர்மயி தேவி அவரை வீட்டுக்கு அழைத்துப் பார்த்தார். தன் உடன்பிறப்பே என்று உறுதி கொண்டார். குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள்.

மே மாதம் சாமியார் வாயைத் திறந்தார். தாமே ரமேந்திரர் என்றார். சுடுகாட்டில் புயல் மழை வந்ததாம். தூக்கி வந்தவர்கள் ஒதுங்கப் போனார்களாம். உயிர் இருப்பதைக் கண்ட நாகா சாதுக்கள் தம்மைக் காப்பாற்றினார்களாம். பழைய நினைவு தப்பி, அவர்களோடு பல வருஷம் அலைந்தாராம்.

ஆனால் விபாவதி தேவி இவர் என் கணவர் அல்ல என்று கடைசிவரை மறுத்தார். வருவாய்த் துறை அதிகாரிகளும் 1921 ஜூனில் அவரை மோசக்காரர் என்று அறிவித்தார்கள். வங்காள ஜமீன்தார் இந்தி வாடையோடு வங்காளம் பேசுவாரா என்று கேலி செய்தவர்களும் உண்டு.

கோர்ட்டில்

1930-ல் சாமியார் வழக்குப் போட்டார். விசாரணை 1933-ல் தொடங்கியது. நீதிபதி பன்னலால் பாசு. வாதிக்காக 1,069 பேரும் எதிர்த்தரப்பில் 479 பேரும் சாட்சி சொன்னார்கள். இவரேதான் என்று ஒரு கூட்டம். இவர் இல்லவே இல்லை என்று இன்னொரு கூட்டம். கூடப் பிறந்தவள் ஒரு பக்கம், கைப்பிடித்தவள் மறுபக்கம். இரு பக்கத்திலும் உறுதிக்குக் குறைவில்லை.

அப்படியானால் உறுதியை வைத்து எப்படித் தீர்ப்புச் சொல்வது? ஒரு தரப்பின் உறுதி தவறாகத்தானே இருக்க வேண்டும்? நீதிபதி அந்த உறுதியோடு நிற்கவில்லை. உடம்பையே சாட்சியாக ஆராய்ந்தார். குமாரர் ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் எடுத்தபோது டாக்டர் எழுதி வைத்த அங்க அடையாளம் இருந்தது. இடது கணுக்காலில் ஒரு தழும்பு. அது சாமியாரிடமும் இருந்தது. குடும்பத்துக்கே உரிய செதில் போன்ற பாதத் தோலும் இருந்தது. வழக்கு என்ற பேச்சே எழாத காலத்தில் எழுதிய காகிதம் யாருக்காகவும் பொய் சொல்லாது அல்லவா?

1936 ஆகஸ்டு 24-ல் சாமியாரே குமாரர் என்று தீர்ப்பு வந்தது. 1940-ல் கல்கத்தா ஹைகோர்ட்டில் மூன்று நீதிபதிகளில் இருவர் அதை ஒப்புக்கொண்டார்கள், ஒருவர் மறுத்தார். 1946 ஜூலை 30-ல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. ஜெயித்த செய்தி கேட்டுக் கோவிலுக்குப் போனவர் நோயில் விழுந்தார். சில நாட்களில் காலமானார். ஒரே மனிதருக்கு இரண்டாம் முறை சாவு!

நாம் அறிய வேண்டியது

இங்கே சகோதரியின் உறுதி பலித்தது. எல்லா இடத்திலும் அப்படி இல்லை. லண்டனில் அடால்ஃப் பெக் என்பவரைப் பல பெண்கள் தங்களை ஏமாற்றியவன் இவனே என்று அடையாளம் காட்டினார்கள். 1896-ல் சிறைக்குப் போனார். 1904-ல் மறுபடியும் அதே பழி. பிறகுதான் உண்மைக் குற்றவாளி அகப்பட்டான். அந்தப் பெண்கள் பொய் சொல்லவில்லை. உண்மை என்று நம்பியே தவறு செய்தார்கள்.

இதைப் பற்றி அறிஞர்கள் பிற்காலத்தில் நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். முதன்முதலாக, யாரும் தூண்டாமல், ஒத்த சாயல் உள்ள பலர் நடுவே ஒருவரைக் காட்டும்போது சாட்சிக்கு இருக்கும் உறுதிக்கு மதிப்பு உண்டு. நீ காட்டியது சரிதான் என்று ஒருவர் தலையாட்டிவிட்டால், உறுதி தானாக வளர்ந்துவிடும். பல மாதம் கழித்துக் கூண்டில் ஏறும்போது அது மலைபோல் நிற்கும். ஆனால் கண் பார்த்தது அன்று பார்த்த அளவுதான். நம் நாட்டில் மாஜிஸ்திரேட் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடத்துவது இதற்காகத்தான்.

நாளைக்கு உங்களையே சாட்சிக்கு அழைக்கலாம். இருட்டில் பார்த்தீர்களா, வெளிச்சத்திலா? எவ்வளவு நேரம்? எவ்வளவு தூரம்? பார்த்ததைப் பார்த்தபடி சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. உங்கள் ஒரு விரல் நீளும் திசையில் ஒரு குடும்பத்தின் அடுப்பே அணைந்து போகலாம்.