ரப்பருக்காக வாழ்ந்த குட்இயர்

பேரவை மலருக்கு ஒரு கண்டுபிடிப்பாளரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டவர் சார்லஸ் குட்இயர். ஏன் இவர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் என் வகுப்புத் தோழன் ஒரு பழைய பைக் வாங்கினான். வண்டியைப் பார்க்க என்னைத்தான் கூட்டிப் போனான். நானும் பெரிய மெக்கானிக் மாதிரி குனிந்து பார்த்தேன். டயரில் பட்டன் நல்லா இருந்தது. இன்னும் ரெண்டு வருஷம் தாராளமா ஓடும் என்று அடித்துச் சொன்னேன். முதல் மழையிலேயே ஒரு வளைவில் பின்சக்கரம் வழுக்கிவிட்டது. அவனுக்கு வலது மணிக்கட்டு எலும்பு முறிவு. அந்த செமஸ்டர் பிராக்டிகல் போச்சு. டயரைத் தொட்டுப் பார்த்த பஞ்சர் கடை அண்ணன், பட்டன் இருந்து என்ன புண்ணியம், ரப்பர் செத்துப்போச்சே என்றார். ரப்பர் எப்படிச் சாகும்? அந்தக் கேள்விதான் என்னை நூலகத்துக்கு இழுத்துப் போய் குட்இயரிடம் விட்டது.

குட்இயர் 1800-இல் அமெரிக்காவின் நியூஹேவன் நகரில் பிறந்தார். இரும்புச் சாமான் வியாபாரம் நொடித்துப்போய், கடனுக்காகச் சிறைக்கும் போனார். முறையாக வேதியியல் படித்தவர் அல்லர். ஆனால் ரப்பர் மீது அப்படியொரு பைத்தியம். அந்தக் கால ரப்பர் வெயிலில் உருகிப் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து வெடிக்கும். இதைச் சரிசெய்தே தீருவேன் என்று கிளம்பினார். மக்னீசியா, சுண்ணாம்பு, நைட்ரிக் அமிலம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கலந்தார். அரசாங்கத்துக்குச் செய்துகொடுத்த தபால் பைகள் வெயிலில் உருகி மானம் போயிற்று. வீட்டுச் சாமான்களை விற்றார். பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களும் தப்பவில்லை.

1839-இல் கந்தகம் கலந்த ரப்பர் சூடான அடுப்பின் மேல் பட்டது. உருகவில்லை, தோல் மாதிரி கருகி, ஓரத்தில் வளைந்து கொடுத்தது! வேறொருவராயிருந்தால் துடைத்துப் போட்டிருப்பார். குட்இயர் அதையே பிடித்துக்கொண்டார். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று கண்டுபிடிக்க வருடங்கள் ஓடின. 1844-இல் காப்புரிமை கிடைத்தது. நாம் படிக்கும் வல்கனைசேஷன் இதுதான். ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளுக்கு இடையே கந்தகம் பாலம் போடுகிறது.

பணம் மட்டும் சேரவில்லை. வழக்குகள் தின்றன. 1860-இல் ஏறத்தாழ 2 லட்சம் டாலர் கடனோடு இறந்தார். 1898-இல் தொடங்கிய குட்இயர் கம்பெனி அவர் குடும்பத்துடையது அல்ல. அவர் நினைவாக வைத்த பெயர்தான்.

சரி, செத்துப்போன டயருக்கு வருவோம். குட்இயரின் ரப்பரும் சிரஞ்சீவி அல்ல. வெயில், சூடு, காற்றிலுள்ள ஆக்ஸிஜன், ஓசோன் எல்லாம் சேர்ந்து அதை மெல்ல இறுக வைக்கின்றன. வண்டி ஓடாமல் நின்றாலும் வயசு ஏறும். இறுகிய ரப்பர் ஈர ரோட்டைப் பிடிக்காது.

ஆகவே ரெண்டையும் பாருங்கள். முதலில் தேய்மானம். பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு இருக்கும். பட்டன் அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரை மாற்றியே ஆகவேண்டும். இருசக்கர வண்டிக்குச் சட்டப்படி பள்ளம் 0.8 மி.மீ.க்குக் குறையக்கூடாது. மழைக்காலம் வருகிறதென்றால் அதுவரைகூடக் காத்திருக்காதீர்கள். அடுத்தது வயது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்து வருடம் தாண்டினால் வருடா வருடம் பரிசோதனை. பத்து தாண்டினால் பட்டன் இருந்தாலும் கழற்றிவிட வேண்டும். பக்கவாட்டில் மயிர்க்கோடு போல வெடிப்புகள், புடைப்பு, வெளியே தெரியும் நூல் இருந்தால் வயசையும் பார்க்க வேண்டாம், உடனே மாற்றுங்கள்.

என் நண்பன் டயரில் இருந்த எண் 2314 தான். அன்றைக்கு அரை நிமிஷம் உட்கார்ந்து அதைப் படித்திருந்தால் போதும்.

அவன் அரியர் எழுதிப் பாஸாகிவிட்டான். என்னை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. அதனால்தான் இதை எழுதத் தோன்றியது. மலரை மூடியதும் ஸ்டாண்டுக்குப் போய் உங்கள் டயரை ஒருதரம் பாருங்கள் நண்பர்களே!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்