தராசுத் தட்டில் ஒரு வாழ்வு

குதிரைப் பந்தயத்தில் நான் ஒரு சதமேனும் வைத்தவனல்லன். ஓடுகின்ற குதிரையிலும் பார்க்க, அதன்மேற் குனிந்திருக்கும் மனிதனே என் மனத்தைக் கவர்பவன். அவனை எண்ணும்போதெல்லாம் பிரெட் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயரின் வாழ்வு என் நினைவுக்கு வரும்.

1857ஆம் ஆண்டு ஜனவரி 11ஆந் திகதி செல்ற்றனம் நகரிலே ஆர்ச்சர் பிறந்தார். தந்தையாரும் குதிரையோட்டியே, 1858இல் கிராண்ட் நஷனல் என்னும் தடைதாண்டற் பந்தயத்தில் வென்றவர். மகன் பதினொரு வயதில் நியூமார்க்கற் நகரிலே மத்தியூ டோசன் என்ற பயிற்சியாளரிடம் தொழில் பழகச் சென்றார். 1874 முதல் 1886 வரை, தொடர்ந்து பதின்மூன்று ஆண்டுகள், அந்நாட்டின் முதன்மைக் குதிரையோட்டி அவரே. 8,084 ஓட்டங்களில் 2,748 வெற்றிகள். டெர்பிப் பந்தயத்தில் மட்டும் ஐந்து. 1880இல், குதிரையொன்று குதறிய கை ஆறுமுன்னரே அதனை இரும்புப் பட்டையோடு கட்டிக்கொண்டு, 'பெண்ட் ஓர்' என்னும் குதிரைமீதேறி டெர்பியை வென்றார். 1885இல் அவர் பெற்ற 246 வெற்றிகளை விஞ்ச, 1933இல் கோர்டன் றிச்சர்ட்ஸ் வரவேண்டியிருந்தது.

ஆயினும் இவ்வீரரை ஆட்டிப்படைத்தது தராசு. குதிரையோட்டிக்குச் சிற்றுடல் வேண்டும். இவரோ ஏறத்தாழ 5 அடி 10 அங்குல உயரம். பந்தயகாலந்தோறும் பட்டினி, வியர்வைக் குளியல், கடும் பேதிமருந்து ஆகியவற்றால் உடலை உருக்கினார். இல்லறமும் நிலைக்கவில்லை. 1883இல் டோசனின் சகோதரர் மகளை மணந்தார். முதற் குழந்தை பிறந்தவுடனே இறந்தது. 1884 நவம்பரில், பெண்மகவொன்றை ஈன்ற சில நாட்களில் மனைவியும் மறைந்தார்.

கேம்பிறிட்ஜ்ஷயர் பந்தயம் அவர் கைக்கு எட்டாதது. 1886இல் அதனை வெல்லவேண்டி, 'செயின்ற் மிறின்' என்ற குதிரைக்காக உணவை ஒறுத்தார். அத்தனை வருந்தியும் குறித்த எடையிலும் ஓர் இறாத்தல் கூடுதலாகவே ஏறினார். ஒரு குதிரைத் தலையளவில் வெற்றி தவறியது. நலிந்த உடலை நெருப்புக் காய்ச்சல் பற்றியது. மனைவி மறைந்து ஈராண்டு நிறைந்த நாட்களில், நவம்பர் 8ஆந் திகதி, சுரவேகத்தில் அறிவு பேதலித்து, தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டார். வயது இருபத்தொன்பது.

அந்த ஓர் இறாத்தல் இல்லாதிருந்தால் வென்றிருப்பாரோ என்று பந்தயம் அறிந்தோர் கணக்கிடலாம். எனக்கோ வேறொரு கணக்கே தோன்றுகிறது. இரண்டாயிரத்து எழுநூறு வெற்றிகளுக்கு மேல் கண்ட ஒருவர், அவற்றுள் ஒன்றையேனும் வயிறார உண்டு கொண்டாடியிருப்பாரா?