இருமுறை தோற்றவர் தந்த புற்றுநோய் மருந்து

நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். மாலை நேரத்தில் ரந்தாவ் வட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். எஸ்.பி.எம். முடிவு வந்ததும், இனிப் படிப்பே வேண்டாம் என்று சிலர் ஒதுங்கிவிடுவார்கள். அவர்களுக்கு நான் எடுத்துச் சொல்வது எல்லப்பிரகட சுப்பாராவின் வாழ்க்கையை.

அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் 1895 ஜனவரி 12-இல் பிறந்தவர் அவர். தாயார் நகைகளை விற்றுப் படிக்க வைத்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தோற்றார். மூன்றாம் முறைதான் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில், காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அணிந்தது அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. அதனால் எம்.பி.பி.எஸ். பட்டம் கைநழுவி, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். தகுதியே கிடைத்தது. உடன்பிறந்தோர் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல்நோய் பறித்துக்கொண்டது.

1922-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்தார். மருத்துவமனையில் இரவு வேலை பார்த்துக்கொண்டே ஹார்வர்டில் படித்தார். உடலின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.-யை 1929-இல் ஃபிஸ்குடன் சேர்ந்து கண்டறிந்தார். உயிரியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் அதே ஏ.டி.பி.தான்.

1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். கர்ப்பிணிகளுக்குக் கிளினிக்கில் ஃபோலிக் அமில மாத்திரை கொடுக்கிறார்களே, அந்தச் சத்தைச் செயற்கையாக உருவாக்கியது அவர் வழிநடத்திய குழு. சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூ நோய்க்கும் அது பயன்பட்டது. யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான் மருந்தும் அவருடைய குழுவில் பிறந்ததே.

செல் இரண்டாகப் பிரிய ஃபோலிக் அமிலம் வேண்டும். புற்றுநோய்ச் செல் வேகமாகப் பிரிவதால் அதன் தேவையும் அதிகம். அச்சு அசலாக ஃபோலிக் அமிலம் போலவே தோன்றும் போலிச் சாவி ஒன்றைப் பூட்டில் மாட்டிவிட்டால்? அப்படி உருவானவையே அமினோப்டெரினும் மெத்தோட்ரெக்சேட்டும். பாஸ்டனில் டாக்டர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அந்த முடிவு வெளியான 1948-ஆம் ஆண்டிலேயே, ஆகஸ்டில், சுப்பாராவ் 53 வயதில் காலமானார். அவர் தாயகம் திரும்பவே இல்லை. மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

ஆனால் ஒரு சிக்கல் மிஞ்சியது. போலிச் சாவி நல்ல செல்லின் பூட்டையும் அடைத்துவிடும். வாய்ப்புண், இரத்த அணுக் குறைவு எல்லாம் அதன் விளைவுகள். இதற்குப் பிறகு வந்த ஒரு வழிதான் லிப்போசோம்: மருந்தை உள்ளே வைத்த கொழுப்புக் குமிழி. அளவு ஏறத்தாழ 100 நானோமீட்டர். தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். புற்றுக்கட்டியின் இரத்தக் குழாய்களில் இடைவெளி அதிகம் என்பதால் குமிழி அங்கே கசிந்து தங்க வாய்ப்புண்டு. டாக்சோரூபிசின் மருந்தை இப்படிச் சுமக்கும் டாக்ஸிலுக்கு 1995-இல் அமெரிக்கா அனுமதி தந்தது. இதயத்துக்கு வரும் பாதிப்பை அது குறைத்தது.

சில புற்றுநோய்ச் செல்களின் மேற்பரப்பில் ஃபோலிக் அமிலத்தைப் பிடிக்கும் ஏற்பிகள் ஏராளம். ஆகவே குமிழியின் வெளிப்புறத்தில் ஃபோலிக் அமிலத்தையே முகவரிச் சீட்டாக ஒட்டி அனுப்ப ஆய்வாளர்கள் முயல்கிறார்கள். சுப்பாராவ் குழு செய்துகாட்டிய பொருள் இன்று மருந்துக்கு வழிகாட்டப் பார்க்கிறது.

அந்த முகவரி இன்னும் துல்லியமாக வேண்டும். அதற்கு வேதியியல் தெரிந்த பிள்ளைகள் வேண்டும். முதல் தேர்வில் சறுக்கியவர்களும் அதில் சேர்த்திதான். மறுதேர்வுக்குப் பெயர் கொடுங்கள், மாணவர்களே.