மூன்றாண்டு மேயர்: பர்மிங்ஹாம் கண்ட ஜோசப் சேம்பர்லின்



பொது வாழ்வு என்றவுடன் சட்டமன்றமும் நாடாளுமன்றமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரும், தெருவில் ஓடும் சாக்கடையும், எரியும் விளக்கும் உள்ளாட்சி மன்றத்தின் பொறுப்பில் உள்ளவை. அம்மன்றத்தில் அமர்வதை ஒரு பெரும் பணியாகக் கருதிச் செயலாற்றியவர் இங்கிலாந்தின் ஜோசப் சேம்பர்லின். அவருடைய வாழ்க்கையை இவ்விதழில் சுருக்கமாகக் காண்போம்.

சேம்பர்லின் 1836ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். அவருடைய குடும்பம் யூனிட்டேரியன் என்னும் சிறுபான்மைக் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. அரசு அங்கீகரித்த திருச்சபையைச் சேராதவர்கள் நகராட்சிப் பதவி வகிப்பதை 1661ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. 1828இல்தான் அத்தடை நீக்கப்பட்டது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களிலோ 1871 வரை அவர்களுக்குச் சமஉரிமை இல்லை. சேம்பர்லினும் பல்கலைக்கழகம் செல்லவில்லை. பதினாறு வயதில் தந்தையின் காலணி வணிகத்தில் சேர்ந்தார். 1854இல், பதினெட்டாம் வயதில், உறவினரின் திருகாணித் தொழிற்சாலையைக் கவனிக்க பர்மிங்ஹாம் சென்றார். சில ஆண்டுகளில் அத்தொழில் பெரிதும் வளர்ந்தது.

அந்நாளைய பர்மிங்ஹாம் ஆலைகளால் செழித்த ஊர். ஆனால் ஏழைகளின் குடியிருப்புகளோ காற்றும் வெளிச்சமும் இல்லாதவை. கழிவு கலந்த கிணற்று நீரைப் பலர் குடித்தனர். நோயும் சிசு மரணமும் மலிந்திருந்தன. நகர மன்றத்திலோ வரியை உயர்த்தாமல் இருப்பதே நல்லாட்சி என்று கருதியவர்களின் கை ஓங்கியிருந்தது. வசதியும் கல்வியும் உடைய பெரியவர்கள் மன்றத்தின் பக்கமே திரும்பவில்லை.

இந்நிலையை முதலில் மாற்றியவை அந்நகரின் வழிபாட்டுச் சபைகளே என்பது நாம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. ஜார்ஜ் டாசன், ஆர்.டபிள்யூ. டேல் போன்ற போதகர்கள், நகரத்திற்குத் தொண்டு செய்வதும் மார்க்கக் கடமையின் ஒரு பகுதியே என்று தம் சபையினருக்கு இடைவிடாது எடுத்துரைத்தனர். சபையில் உள்ள திறமைசாலிகள் நகர மன்றத்திற்குள் செல்ல வேண்டும். தம் சபைக்குச் சலுகை பெறுவதற்காக அன்று, ஊரார் அனைவருக்கும் உழைப்பதற்காகச் செல்ல வேண்டும் என்பதே அவர்களது போதனையின் சாரம். அதற்குச் செவிசாய்த்துப் பல வணிகர்கள் முன்வந்தனர். அவர்களுள் தலையாயவர் சேம்பர்லின்.

1869இல் அவர் நகர மன்ற உறுப்பினரானார். 1870இல் பள்ளிக் கல்வி வாரியத்திற்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1873 நவம்பரில் மேயரானார். அப்பதவிக்கு ஊதியம் இல்லை. 1874இல் தொழிலிலிருந்து முற்றிலும் விலகி, முழு நேரத்தையும் பொதுப்பணிக்கே அளித்தார். தொடர்ந்து மூன்று முறை அவரே மேயராகத் தெரிவு செய்யப்பட்டார்.

அவர் எடுத்த முதற் பெரும் முயற்சி, தனியார் நிறுவனங்கள் இரண்டின் கையிலிருந்த எரிவாயு விநியோகத்தை நகராட்சிக்கு வாங்கியது. அதன் விலை ஏறத்தாழ 20 இலட்சம் பவுன். நகரமே கடனில் மூழ்கும் என்று அஞ்சியவர் உண்டு. ஆனால் தேர்ந்த வணிகரான சேம்பர்லின், கணக்கை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி மன்றத்தை இணங்க வைத்தார். முதலாண்டிலேயே இலாபம் கிட்டியது. அடுத்து, ஏறத்தாழ 13½ இலட்சம் பவுனுக்குக் குடிநீர் நிறுவனம் வாங்கப்பட்டு, 1876 தொடக்கத்தில் நகராட்சி வசமானது. இங்கு அவர் வேறொரு கொள்கையை வகுத்தார். எரிவாயுவில் வரும் இலாபம் ஊர் நலனுக்குப் பயன்படலாம்; குடிநீரில் இலாபம் தேடவே கூடாது என்பது அது.

மூன்றாவது, 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையோடு சேரிப் பகுதிகளை அகற்றி நகரைச் சீரமைக்கும் திட்டம். இன்றும் விளங்கும் கார்ப்பரேஷன் தெரு அதன் விளைவே. அங்குள்ள மனைகள் 75 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. காலம் முடிந்ததும் அவை ஊருக்கே திரும்பும் வகையில் ஏற்பாடு செய்யப்பட்டது.

இப்பணிகளுக்கிடையே அவர் பெருந்துயரைச் சந்தித்தார். முதல் மனைவியை 1863இல் பேறுகாலத்தில் இழந்திருந்த அவர், இரண்டாம் மனைவியையும் 1875இல் அவ்வாறே இழந்தார். ஆயினும் எடுத்த பணியை அவர் கைவிடவில்லை.

குறைகளையும் மறைக்காமல் கூறுவதே நேர்மை. சேரிகள் இடிக்கப்பட்டபோது வெளியேற்றப்பட்ட ஏழைகளுக்குப் போதிய மாற்று வீடுகள் கட்டித்தரப்படவில்லை. அகன்ற தெருவும் அழகிய கடைகளும் எழுந்தன. அங்கு வாழ்ந்தவர்களோ வேறு நெருக்கடியான பகுதிகளுக்குச் சென்றனர். பிற்காலத்தில், 1895 முதல் 1903 வரை குடியேற்ற நாடுகளின் அமைச்சராக இருந்த அவர், பேரரசுக் கொள்கையின் முன்னணித் தலைவராகித் தென்னாப்பிரிக்கப் போருக்கும் பொறுப்பானார். அந்தச் சேம்பர்லினை நாம் போற்ற இயலாது. நாம் பாடம் பெறுவது மூன்றாண்டு மேயரிடமே.

1876இல் அவர் நாடாளுமன்றம் சென்ற பின்னும் நகரின் பணி நிற்கவில்லை. 1904இல் வேல்ஸ் மலைகளிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேலான தூரம் குடிநீர் கொண்டுவரப்பட்டது. 1900இல் உருவான பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தராகவும் அவர் விளங்கினார். 1914 ஜூலை 2ஆம் நாள் காலமானார். மன்னர்கள் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அல்லாமல், பர்மிங்ஹாமிலேயே அடக்கம் செய்யப்பட்டார். இன்று அந்நகரில் இலட்சக்கணக்கான முஸ்லிம்கள் வாழ்கின்றனர். சேம்பர்லின் 1874இல் அடிக்கல் நாட்டிய நகர மன்றக் கட்டடத்தில் அவர்களுள் பலர் உறுப்பினர்களாகவும் அமர்ந்துள்ளனர்.

ஒருகாலத்தில் பதவிக் கதவு அடைக்கப்பட்டிருந்த சிறுபான்மையினர், கதவு திறந்ததும் தமக்கென்று எதையும் கேட்காமல் ஊருக்கே தண்ணீர் தந்தார்கள். நம் ஜமாஅத்திலும் கணக்கறிந்த வணிகர்கள், ஓய்வு பெற்ற பொறியாளர்கள், படித்த இளைஞர்கள், பெண்கள் பலர் உள்ளனர். வார்டு உறுப்பினர் பதவியைச் சிறியதென்று எண்ணாமல், ஊரார் அனைவருக்குமாக அதனை ஏற்க அவர்கள் முன்வர வேண்டும். அவ்வாறு வருவோரை ஊக்குவிப்பதும், வந்தபின் கணக்குக் கேட்பதும் நம் அனைவரின் கடமையாகும்.