சிரிப்புக்கு மொழி தந்தவர்

முகங்காட்டிப் புகழ் எய்தினோர் பலர். முகத்தை மறைத்துத் தம் உழைப்பை மட்டும் உலகுக்கு ஈந்து, அதனாலேயே மக்கள் நெஞ்சில் இடம் பெற்றோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் சிங்களத் திரைக்கலைஞர் டைட்டஸ் தொட்டவத்த. 2011 ஒக்டோபர் 15 ஆந் திகதி அன்னார் தமது 82 ஆவது வயதில் மறைந்தபோது, ஒரு தலைமுறையே தன் பிள்ளைப் பருவத்தில் ஒரு பகுதியை இழந்ததுபோல வருந்திற்று.

1929 இற் பிறந்த தொட்டவத்த, அரசாங்கத் திரைப்படப் பிரிவிலே படத்தொகுப்புக் கலையிற் பயின்றார். தொடக்க காலச் சிங்களப் படங்கள் தென்னிந்தியக் கலையகங்களில் உருவாகிய காலம் அது. அந்நிலையை மாற்ற விழைந்த லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக் ஆகியோருடன் அவரும் அரசாங்க ஊழியத்தைத் துறந்தார். அத்துணிவின் பயனே 1956 இல் வெளிவந்த ‘ரேகாவ’. பின்னர் ‘சண்டியா’ முதலிய படங்களைத் தாமே இயக்கினார். 1979 இல் அவர் சிறுவருக்காக ஆக்கிய ‘ஹந்தயா’ இத்தாலியின் கிஃபோனி விழாவிற் பரிசு பெற்றது.

எனினும், அவர் பெயரை வீடுதோறும் கொண்டு சென்றது 1982 இல் ஒளிபரப்பைத் தொடங்கிய ரூபவாஹினியே. பொரளைக்கு அணித்தேயுள்ள சுதந்திர சதுக்கத்து நிலையத்தில் அவர் மொழிமாற்றுப் பிரிவைக் கட்டியெழுப்பினார். மருத்துவர் டூலிட்டில் ‘தொஸ்தர ஹொந்தஹித’, அஃதாவது நல்லுள்ளங் கொண்ட வைத்தியர் ஆனார். பக்ஸ் பன்னி என்னும் அமெரிக்க முயல் ‘ஹா ஹா ஹரி ஹாவா’ ஆகிச் சிங்களக் குறும்பனாகவே துள்ளித் திரிந்தது.

இதனை எளிய பணி என எண்ணுதல் தவறு. ஆங்கிலத்தில் வினைச்சொல் வாக்கியத்தின் நடுவே வந்துவிடும்; சிங்களமோ நம் தமிழைப் போல அதனை ஈற்றில் வைப்பது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், முயல் பள்ளத்தில் விழுந்து எழுந்த பின்னரே விழுந்த செய்தி செவிக்கு எட்டும்; நகை கெட்டுவிடும். வாயசைவு நிற்குமிடத்திற் சொல்லும் நிற்க வேண்டும். ஆதலின் பெயர்த்தலை விடுத்துப் புதிதாய்ப் புனைதலே வழியாயிற்று. கணப்பொழுதின் அளவை அறிந்த படத்தொகுப்பாளரின் கை இங்கே பெரிதும் உதவியது.

அதே முயலுக்கு அமெரிக்காவிற் குரல் தந்த மெல் பிளாங்க் 1961 இல் கார் விபத்தில் நினைவிழந்து கிடந்தார். இரு வாரமளவில் எவர் அழைத்தும் விடையில்லை. மருத்துவர் ஒருவர் முயலின் பெயரைச் சொல்லி நலம் வினவ, முயலின் குரலிலேயே மறுமொழி வந்ததாம். 1989 இல் அவர் இறந்தபோது, அவர் முகத்தையே அறியாத கோடிக்கணக்கானோர் தம் வீட்டார் ஒருவரை இழந்ததுபோல் துயருற்றனர். இத்தகைய கலைஞரின் இறப்பு இருமுறை நிகழ்கிறது. மனிதர் ஒருமுறை இறக்கிறார், அவரோடு கூடி வாழ்ந்த பாத்திரங்கள் மறுமுறை மௌனமாகின்றன.

தமிழராகிய நமக்கு இவர் வாழ்வில் யாது உறவு எனச் சிலர் வினவலாம். ரூபவாஹினி தோன்றிய மறு ஆண்டு, 1983 ஜூலை 24 மாலையில், பொரளைக் கனத்தை மயானத்தருகே மூண்ட வன்செயல் கொழும்புத் தமிழரின் வீடுகளையும் உயிர்களையும் விழுங்கிற்று. அக்கொடுமையை எந்தச் சித்திரப் படமும் தடுத்ததில்லை, தடுத்திருக்கவும் இயலாது. ஆயினும் பின்வந்த ஆண்டுகளில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழ்ப் பிள்ளைகள் அந்த வைத்தியரையும் முயலையும் கண்டு நகைத்தனர். வீதியிலே அச்சத்தோடு கேட்ட மொழியை அவர்கள் வீட்டினுள் அச்சமின்றிக் கேட்டனர். ஒரு மொழியைப் பகைவரது மொழியாக அன்றி, நகைப்பின் மொழியாகவும் அறியும் வாய்ப்பு சிறிதெனினும் அரிது.

தொட்டவத்த விட்டுச் சென்ற பாடம் ஆசிரியர்க்கும் எழுத்தாளர்க்கும் உரியது. குழந்தைகளுக்கென ஆக்குவது தாழ்ந்த பணியன்று. அதற்கு மொழியின் முழு வன்மையும் வேண்டும். தம் பிள்ளைகளைத் தம் மொழியில் வாய்விட்டுச் சிரிக்க வைக்க ஒரு சிறந்த கலைஞர் தம் முதிர்ந்த ஆண்டுகளை ஈந்தார். நம் பிள்ளைகளுக்காக அதனைச் செய்ய முன்வருவோர் யாவர் என்பதே அவர் வாழ்வு நம்மை நோக்கி எழுப்பும் வினா.