மரத்தில் எழுந்த அசைவு

நுழையும்முன்

அமர்வதற்கு நாற்காலி, ஏறுவதற்குப் படிக்கட்டு. பயன்படுத்தியதும் நாம் மறந்துவிடும் பொருள்கள் இவை. ஆடும் உடலின் வளைவையும் விசையையும் இத்தகைய பொருள்களில் கொண்டுவந்தவர் அமெரிக்கச் சிற்பி வார்ட்டன் எஷெரிக். விரும்பிக் கற்ற கலை கைகொடுக்காதபோது வேறொரு கலையில் தம்மைக் கண்டறிந்த அவரது வாழ்க்கையை அறிவோம்.

ஓவியமும் சட்டமும்

எஷெரிக் 1887ஆம் ஆண்டு பிலடெல்பியா நகரில் பிறந்தார். பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்தில் ஓவியம் பயின்ற அவர், படிப்பு நிறைவுறும் முன்பே வெளியேறினார். 1913இல் பேயோலி என்னும் ஊருக்கு அருகே பழைய பண்ணைவீடு ஒன்றில் மனைவியுடன் குடியேறி, ஓவியம் தீட்டினார். ஓவியங்களை வாங்குவோர் அரிதாகவே இருந்தனர்.

1919இல் அலபாமா மாநிலத்தின் ஃபேர்ஹோப் ஊரிலிருந்த பள்ளியில் ஓவியம் கற்பிக்கச் சென்றார். அக்காலத்தில் தம் ஓவியங்களுக்குரிய மரச்சட்டங்களைத் தாமே செதுக்கத் தொடங்கினார். பார்த்தவர்கள் ஓவியத்தைவிடச் சட்டத்தையே பெரிதும் விரும்பினர். பல்லாண்டு பயின்ற கலை பின்தள்ளப்படுவதைத் தாங்குவது எளிதன்று. ஆயினும் அவர் தூரிகையை மெல்ல விலக்கி, உளியைக் கையில் எடுத்தார். மரப்பலகையில் செதுக்கி அச்சிடும் படங்களையும் மரச்சிற்பங்களையும் படைத்தார்.

நடனம் தந்த பாடம்

1920களில் அடிராண்டாக் மலைப்பகுதியில் நடைபெற்ற கோடைக்கால நடன முகாமுக்கு எஷெரிக் குடும்பத்துடன் சென்றார். ஆடுவோரைக் கூர்ந்து நோக்கி வரைந்தார். ஒரு காலில் எடை சாயும்போது இடுப்பு வளைகிறது, அதற்கு ஈடாகத் தோள் திரும்புகிறது, கை நீள்கிறது. ஓர் அசைவில் உடல் முழுவதும் பங்கேற்கிறது. இந்த ஒழுங்கு அவரது செதுக்கலில் புகுந்தது.

தொடக்கத்தில் அவர் செய்த மரப்பொருள்களின் மேற்பரப்பில் செதுக்கு வேலைப்பாடுகள் நிறைந்திருந்தன. பின்னர் அந்த அலங்காரத்தை விலக்கினார். பொருளின் வடிவமே அசைவைக் காட்ட வேண்டும் என்னும் நிலைக்கு அவரது கலை வளர்ந்தது. ஹெட்ஜ்ரோ நாடக அரங்கத்துடன் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்த அவர், அதற்காகச் சுத்தியல் பிடிகளையே கால்களாகவும் சட்டங்களாகவும் இணைத்து நாற்காலிகள் செய்தார். கைக்குப் பொருந்துமாறு இழைத்த பிடியின் மெல்லிய வளைவு, நாற்காலிக்கு உயிரூட்டியது.

சுழலும் படிக்கட்டு

1926இல் பேயோலியில் தமக்கெனக் கற்சுவர்கள் கொண்ட பணிக்கூடம் ஒன்றை எழுப்பத் தொடங்கினார். அக்கட்டடப் பணியில் உழைத்தோரின் உருவங்களையே சட்டை மாட்டும் முளைகளாகச் செதுக்கினார்.

அங்கு 1930இல் செந்நிற ஓக் மரத்தில் அமைத்த சுழல் படிக்கட்டு அவரது புகழ்பெற்ற படைப்பாகும். முறுகி எழும் நடுத்தண்டில் ஒவ்வொரு படியின் ஒரு முனையும் இறுகச் செருகப்பட்டுள்ளது. மறுமுனை தாங்கலின்றி வெளியே நீள்கிறது. உடலைத் திருப்பி எழும் ஆடற்கலைஞரை அது நினைவூட்டும். எனினும், ஏறுபவரின் எடையைத் தாங்காவிடில் அந்த அழகு பயனற்றது. அழகும் உறுதியும் ஒன்றையொன்று சார்ந்து நிற்பதே அதன் சிறப்பு. நியூயார்க்கில் 1940இல் உலகக் கண்காட்சிக்காக இப்படிக்கட்டு கழற்றி எடுத்துச் செல்லப்பட்டது.

நிலைத்த புகழ்

பிற்காலத்தில் எஷெரிக் செய்த முக்காலிகளில் இருக்கைகள் வெவ்வேறு வடிவில் அமைந்தன. 1958இல் நியூயார்க்கின் தற்காலக் கைவினை அருங்காட்சியகம் அவரது வாழ்நாள் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. அவர் 1970இல் மறைந்தார். அவர் வாழ்ந்து உழைத்த கூடம் அருங்காட்சியகமாக மாறியது. 1993இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

சிற்பம் உயர்ந்தது, தச்சு தாழ்ந்தது என்னும் பிரிவினை எஷெரிக்கின் உளிக்கு இல்லை. அன்றாடம் கைபடும் பொருளிலும் கலை குடிகொள்ளும் என்பதை அவர் செதுக்கிய மரங்கள் இன்றும் உணர்த்துகின்றன.